புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது!

கேள்வி: எனக்கு வயது 57. இரண்டு வாரமாகப் படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலே வீடு சுற்றுகிறது. கொடியில் துணி போட அண்ணாந்தாலும் அப்படித்தான். அரை நிமிடத்தில் நின்றுவிடும், குமட்டல்தான் போவதில்லை. பித்தம் என்கிறார் அக்கா. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பட்டை போட்டுவிட்டார்கள். மாத்திரை தீர்ந்ததே தவிர தலைசுற்றல் தீரவில்லை. மூளையில் கோளாறாக இருக்குமோ?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: 'வலப்பக்கம்', 'அரை நிமிடம்' என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. தலைசுற்றல் என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எப்படித் திரும்பினால் வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது? எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் ரத்த அழுத்தத்தையும் ரத்தசோகையையும் பார்க்க வேண்டும். உங்களுடையது அது இல்லை. பெரும்பாலும் காதுச் சமாசாரம்.

உட்காதில் ஒரு சிறு பை. அதில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். சுண்ணாம்புக்கல்லில் இருக்கிற அதே பொருள்தான். வயதாலோ தலையில் பட்ட அடியாலோ, பல நேரம் காரணமே தெரியாமலோ, சில துகள்கள் உதிர்ந்து பக்கத்திலுள்ள அரைவட்டக் குழாய்க்குள் போய்விடும். நீங்கள் புரளும்போது அவை உள்ளே உருண்டு, அங்குள்ள திரவத்தைத் தள்ளும். 'தலை சுற்றுகிறது' என்று அந்தக் காது மூளைக்குப் பொய்த் தகவல் அனுப்பும். துகள் அடங்கியதும் சுற்றலும் நிற்கும். மருத்துவர்கள் இதை பி.பி.பி.வி. என்பார்கள், அதாவது தலையின் நிலை மாறும்போது திடீரென்று வந்துபோகும், ஆபத்தில்லாத தலைசுற்றல்.

துகளை மாத்திரை நகர்த்தாது. சின்னாரிசின் போன்றவை குமட்டலைக் கொஞ்சம் அடக்கும், அவ்வளவே. கழுத்துப் பட்டைக்கும் இங்கே வேலையில்லை. அமெரிக்காவின் ஜான் எப்லி என்ற காது மருத்துவர் 1992-ல் எழுதி வெளியிட்ட ஒரு பயிற்சிதான் கைகொடுக்கும். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் முதலில் உங்கள் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்துக் கண்களைப் பார்ப்பார். சில வினாடியில் கருவிழி துடிக்கும். எந்தக் காது என்று அதில் தெரிந்துவிடும். வலக்காது என்றால், அப்படியே தலையை இடப்பக்கம் திருப்பி, பிறகு உடம்போடு இடப்பக்கம் ஒருக்களித்து முகம் தரையைப் பார்க்க வைத்து, கடைசியில் உட்காரவைப்பார். ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடமாவது காத்திருக்க வேண்டும். துகள் குழாயைச் சுற்றிவந்து பழைய பைக்கே திரும்பிவிடும். பலருக்கு ஒன்றிரண்டு முறையிலேயே சரியாகிறது. திரும்ப வருவதும் உண்டு. வந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். யூடியூபைப் பார்த்து முதல் முறையே நீங்களாகச் செய்ய வேண்டாம். கழுத்து வலி இருந்தால் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மணிக்கணக்கில் சுற்றி, காதில் இரைச்சலும் கேட்கும் திறன் குறைவும் சேர்ந்தால் மெனியர் என்ற உட்காது நோயாக இருக்கலாம். நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் சமநிலை நரம்பு அழற்சியாக இருக்கலாம். ஆனால் பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், கை கால் தளர்ச்சி, நிற்கவே முடியாமை, இதுவரை வராத கடும் தலைவலி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் யோசிக்காமல் 108-ஐ அழையுங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

மருத்துவரைப் பார்க்கும்வரை, விழித்ததும் படுக்கை ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். பரணில் இருப்பதை எடுக்க ஸ்டூலில் ஏறாதீர்கள். மாத்திரை இன்னும் போடுகிறீர்கள் என்றால், பரிசோதனைக்கு முன் நிறுத்த வேண்டுமா என்று போன் செய்து கேளுங்கள். கண் துடிப்பை அது மறைத்துவிடக்கூடும். அங்கே வாந்தி வரலாம், தனியாகப் போகாதீர்கள். அக்காவையே கூட்டிப் போங்கள். பித்தமா இல்லையா என்று அவரும் நேரில் பார்க்கட்டும்.