வீடு நிம்மதியாக இருந்த வாரம்

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. மனச்சிதைவு நோய். நான்கு வருடமாகக் குளோசபின் குடிக்கிறான். காதில் கேட்கும் குரல்கள் முற்றாக நிற்கவில்லை. நோயெதிர்ப்புத் தொகுதியிலுள்ள சைட்டோகைன்கள்தான் இதற்குக் காரணம் என்று கனடாச் சித்தப்பா ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார். கொழும்பில் குருதி சோதிக்கப் பணமும் தருகிறாராம். சோதிக்கலாமா? இரவில் அவன் நடமாடுவதால் அம்மாவுக்கு உறக்கமே இல்லை. காலபோக விதைப்பில் வயலில் நின்றவனுக்குக் கடுங்காய்ச்சல் வந்து, ஒரு வாரம் எழும்பாமல் கிடந்தான், பீடியும் கேட்கவில்லை. அந்த வாரம் மட்டும் வீடு நிம்மதியாக இருந்தது. தங்கைக்குச் சம்பந்தம் பேசுவதால், காய்ச்சலுக்குக் காட்டிய வைத்தியரிடம் குளோசபின் பற்றிச் சொல்லவில்லை.
– வாசகி, விசுவமடு

பதில்: சோதனை வேண்டாம். நோயெதிர்ப்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் சிறு புரதங்களே சைட்டோகைன்கள். மனச்சிதைவு உள்ள பலரிடம் இன்டர்லூக்கின்-6 போன்றவை கூடியிருப்பது உண்மை. காரணமா, விளைவா என்பது தீராத வழக்கு. அதே பொருள் தடிமனிலும் ஏறும், பீடி குடிப்பவனிடமும் ஏறும். சைட்டோகைன்கள் மூட்டும் அழற்சியைத் தணித்தால் நோயும் தணியுமா என்று பிரித்தானியாவில் 207 பேருக்கு மினோசைக்கிளின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் முடிவு வந்தது: பலனில்லை.

அந்தக் காய்ச்சல் வாரத்துக்கு வாருங்கள், பிள்ளை. "வீடு நிம்மதியாக இருந்தது" என்று எப்படி எழுத மனம் வந்தது? சித்தப்பா கொழும்பில் தேடச் சொல்லும் சைட்டோகைன் அப்போது உங்கள் வீட்டுப் பாயிலேயே வேலை செய்துகொண்டிருந்தது. கடுமையான தொற்றில் அது பெருகி, குளோசபினைச் சிதைக்கும் ஈரல் நொதியை அடக்கிவிடும். பீடிப்புகை அந்த நொதியைத் தூண்டுவது, அதுவும் நின்றுபோயிற்று. நீங்களோ வழக்கமான அளவையே கொடுத்திருப்பீர்கள். உள்ளே போன மருந்து வெளியேற வழியில்லாமல் குருதியில் ஏறியிருக்கும். காய்ச்சற்காரனின் அசதி என்று நீங்கள் நினைத்தது மருந்து மிஞ்சிய மயக்கமாக இருந்திருக்கலாம். வலிப்பு வந்திருந்தால்?

இன்னொன்றும் உண்டு. குளோசபின் சிலருக்குத் தொற்றோடு போராடும் வெண்குருதிக் கலங்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். 1975இல் பின்லாந்தில் நோயாளிகள் இறந்த பிறகு பல நாடுகள் இந்த மருந்தையே நிறுத்தின. பின்னர் ஒழுங்கான குருதிச் சோதனை என்ற நிபந்தனையோடுதான் அது திரும்பி வந்தது. ஆகவே காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் அன்றைக்கே முழுக் குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். அவன் என்ன குடிக்கிறான் என்று தெரியாத வைத்தியர் அதை எப்படிக் கேட்பார்?

யாருக்காக மறைத்தீர்கள்? இன்னும் நிச்சயமாகாத ஒரு மாப்பிள்ளைக்காக. எலிக்காய்ச்சல் வரக்கூடிய சேற்றில் இறங்கி உங்கள் எல்லோருக்குமாக விதைத்தவனை, எவனோ ஒருவனுக்காகப் பணயம் வைத்தீர்கள். தமையனை ஒளித்துவைத்துக் கட்டும் தாலியில் எனக்கு நம்பிக்கையில்லை. ஊர் சொல்வதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். போகிற சம்பந்தம் போகட்டும்.

அடுத்த கிளினிக் நாள் வரை காத்திராமல் இந்த வாரமே போய், காய்ச்சலில் நடந்ததையும் பீடிக் கணக்கையும் சொல்லுங்கள். நிற்காத குரல்களுக்கும் இரவு நடமாட்டத்துக்கும் அங்கேதான் வழி கேட்க வேண்டும். மருந்தை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். இரண்டு நாளுக்கு மேல் தவறிவிட்டால் பழைய அளவில் மறுபடி தொடங்கவும் கூடாது. வைத்தியர் சிறிய அளவிலிருந்து ஏற்றித்தர வேண்டும். குளோசபின் என்று எழுதிய துண்டு ஒன்று அவன் சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும்.

வளர்ந்த பெண்கள் இருவர் வீட்டில் இருக்க, ஒவ்வோர் இரவும் அம்மாதான் விழித்திருக்க வேண்டுமா? முறை வைத்துக்கொள்ளுங்கள்; கல்யாணப் பெண்ணுக்கும் முறை உண்டு. சித்தப்பாவின் பணத்தை வாங்கித் தனியாக வையுங்கள். அடுத்த முறை காய்ச்சல் தொடங்கினால், நடு இரவானாலும் ஓட்டோ பிடித்து வைத்தியசாலைக்குப் போக அது உதவும்.