சாக்குக் குழுவும் சாப்பாட்டுப் பொட்டலமும்

(அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் டென்னிஸ் ஆடித் திரும்பிய முன்னாள் வீராங்கனை பதிலளிக்கிறார்)

கேள்வி: என் மகள் டென்னிஸ் உதவித்தொகையில் அமெரிக்காவில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். விளையாட்டு மாணவர் ஆலோசனைக் குழுவுக்கு அவள் பெயரைச் சொல்கிறார்களாம். பயிற்சியாளரைப் பகைத்துக்கொண்டு உதவித்தொகையை இழந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகச் சேரச் சொல்லுங்கள். நானும் இரண்டு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். குழுவின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கிச் 'சாக்' என்பார்கள். என் காதில் அது 'சாக்கு' என்றே விழுந்தது. பொருத்தமான பெயர்தான் என்று முதல் ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுடையது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் இரண்டாம் பிரிவுக் கல்லூரி. நோயுற்ற குழந்தைகளின் ஆசையை நிறைவேற்றும் மேக்-எ-விஷ் அமைப்புக்கு அந்தப் பிரிவு 2003 முதல் நிதி திரட்டுகிறது. நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் கேக் விற்பது யார், பலூன் கட்டுவது யார் என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடும். எங்கள் குறைகளுக்குக் கடைசிப் பத்து நிமிடம்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் சாப்பாட்டுப் பிரச்சினையை எழுப்பினோம். பயிற்சி முடிய ஏழரை மணி. உணவுக்கூடத்தை ஏழுக்கே மூடிவிடுவார்கள். முன்கூட்டியே பணம் கட்டிய சாப்பாடு அது. விடுதி அறையில் குக்கர் வைக்கத் தடை. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியைப் பிரெட்டில் தூவித் தின்ற இரவுகள் எனக்கு உண்டு. இரண்டு கூட்டங்களில் "பார்க்கலாம்" என்றார்கள். மூன்றாவது கூட்டத்துக்குக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் பெண் ஒரு தாளோடு வந்தாள். எந்த அணி எத்தனை மணிக்குப் பயிற்சியை முடித்தது, எத்தனை பேர் சாப்பாட்டைத் தவறவிட்டார்கள் என்று இரண்டு வாரக் கணக்கு. பதிலை எழுத்தில் கேட்டாள். அடுத்த மாதமே பெயர் எழுதிய பொட்டலங்கள் வந்தன. உள்ளே பெரும்பாலும் ஆறிப்போன பாஸ்தா. இருந்தாலும் சாப்பாடு.

குளிர்கால விடுமுறைக்கு விடுதியைப் பூட்டினால் வெளிநாட்டு மாணவர்கள் எங்கே போவார்கள் என்று நான் கேட்டபோது, குழுவில் இருந்த அமெரிக்கப் பிள்ளைகள் விழித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை. அவர்களுக்கு வீடு மூன்று மணி நேரப் பயணம், எனக்கு ஒன்றரை நாள். உங்கள் மகள் அங்கே உட்கார வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

பயிற்சியாளர் விஷயம்: கூட்டத்தில் பேசப்போவதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடட்டும், பிறர் வாயால் கேட்டால்தான் அவர்களுக்குக் கோபம் வரும். புகார் குழுவின் பெயரில் போகட்டும். உதவித்தொகைக் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். தொகையைக் குறைத்தாலோ புதுப்பிக்க மறுத்தாலோ மேல்முறையீட்டு விசாரணை கேட்க என்.சி.ஏ.ஏ. விதியில் இடம் உண்டு.

கேள்வி: இந்தக் குழுக்களுக்கு உண்மையில் அதிகாரம் இருக்கிறதா?
- ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: கல்லூரி அளவில் காது இருக்கிறது, கை இல்லை. தேசியக் குழு 1989-இல் வந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒன்று கட்டாயம் என்றானது 1995-இல். 1997 முதல் மூன்று பிரிவுகளுக்கும் தனித்தனித் தேசியக் குழு. வாக்கு என்று சொல்லத்தக்கது கிடைக்க 2015 ஆனது. முதல் பிரிவின் பெரிய ஐந்து கல்லூரிக் கூட்டமைப்புகள் தங்களுக்கென விதி வகுத்த அந்த ஜனவரிக் கூட்டத்தில் 80 வாக்குகள். அதில் 15 விளையாட்டு மாணவர்களுடையவை. உதவித்தொகை படிப்பின் முழுச் செலவையும் ஈடுகட்டலாம் என்ற தீர்மானம் 79–1 என்று நிறைவேறியது. 65 கல்லூரிகளுக்கு எதிரே 15 பேர் என்பதையும் மறக்க வேண்டாம்.

சில சமயம் குழுவை விட ஒரு மைக் வேகமாக வேலை செய்யும். 2014 ஏப்ரலில் கூடைப்பந்துச் சாம்பியனான கனெக்டிகட் அணியின் ஷபாஸ் நேப்பியர், சில இரவுகள் பட்டினியாகப் படுத்ததாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். கல்லூரி வீரர்களுக்குத் தரும் உணவுக்கு இருந்த வரம்பைத் தளர்த்தும் யோசனை ஏற்கனவே மேசையில் இருந்ததுதான். அதே மாதம் அது நிறைவேறிவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குப் பருப்புப் பொடி ஞாபகம் வந்தது.

கேள்வி: ஆலோசனை எதற்கு? சங்கம் அமைத்துவிடலாமே?
- ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர், ஆவடி

பதில்: முயன்று பார்த்தார்கள், ஐயா. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் சங்கம் வேண்டுமா என்று 2014-இல் வாக்களித்தார்கள். 2015-இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் இந்த வழக்கில் தலையிட மறுத்துவிட்டது. போட்ட வாக்குகள் எண்ணப்படவே இல்லை. டார்ட்மத் கல்லூரிக் கூடைப்பந்து வீரர்கள் 2024 மார்ச்சில் 13–2 என்று சங்கத்துக்கு வாக்களித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் மனுவைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். பணம் வந்தது நீதிமன்றத்தின் வழியாக. வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற சமரசத்தின்படி ஒரு கல்லூரி முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்குப் பங்கிடலாம். எஃப்-1 என்ற மாணவர் வீசாவில் போகும் நம் பிள்ளைகளுக்கோ சம்பாதிக்கக் கடும் கட்டுப்பாடு. பண ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடும் முன் இதைப் பற்றிக் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். பயிற்சியாளர் சொன்னார் என்பது போதாது.