லூ என்ற அனல்காற்று அடிக்கும் மாதத்தில் தோட்ட வேலையா? தில்லி மாமியிடம் கேளுங்கள்

தெற்கு தில்லியில் குடியிருப்புக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு பொதுத் தோட்டத்தைப் பல வருஷமாகக் கவனித்துவரும் மாமி, நம் ஆட்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

மாமி, சனிக்கிழமை எட்டு மணிக்குப் பிள்ளைகளோடு உதவிக்கு வரலாமா? (முனிர்கா)

எட்டு மணிக்கு நாங்கள் மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு மோர் குடித்துக்கொண்டிருப்போம். ஐந்தரைக்கு வாங்க. ஏழரைக்கு மேல் யாரும் பாத்தியில் நிற்கக் கூடாது, இங்கே அதுதான் சட்டம். பிள்ளைகளுக்குத் தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும்; பெரிய பொட்டலத்தைத் தம்ளரில் கொட்டிக் கலக்காதீர்கள்.

தக்காளி பூக்கிறது, காய்க்கவில்லை. என்ன உரம் போடலாம்? (மயூர் விஹார்)

உரம் பாவம், என்ன செய்யும்? பகலில் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் சூடு தணியாவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிர்ந்துவிடும். பிடுங்கிவிட்டு வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள்.

சுரையும் பீர்க்கும் பிஞ்சிலேயே வெம்பி விழுகின்றனவே? (ஆர்.கே.புரம்)

மகரந்தம் சேரவில்லை. இந்த இரண்டும் சாயங்காலம் பூக்கிறவை. நம் தொண்டர்களோ விடியற்காலை ஆட்கள், பூவும் அவர்களும் சந்திப்பதே இல்லை! ஆறரை, ஏழு மணிக்குப் பந்தலுக்குப் போங்கள். அடியில் குட்டிக் காய் இருப்பது பெண் பூ, வெறும் காம்போடு இருப்பது ஆண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பூசணிக்கும் பாகலுக்கும் இதே வேலை, ஆனால் காலையில்.

இன்னொன்று, இதை அலட்சியம் செய்யாதீர்கள். சுரைக்காய் நறுக்கும்போது ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். வெயிலிலும் தண்ணீர்க் குறைவிலும் குக்கர்பிட்டசின் என்ற நஞ்சு ஏறலாம், வேகவைத்தாலும் போகாது. கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து இந்த ஊரில் உயிரே போயிருக்கிறது.

வெண்டை இலை புள்ளி புள்ளியாக வெளுக்கிறது. வேப்பெண்ணெய் அடிக்கட்டுமா? (கரோல் பாக்)

முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூலாம்படை இருந்தால் செஞ்சிலந்தி. காய்ந்த காற்றுதான் அதற்குக் கொண்டாட்டம். அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி போய்விடும். வேப்பெண்ணெயை வெயில் இறங்கிய பிறகுதான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் இலை கருகும். அப்புறம், வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருவது வெந்நீர். அதைப் பாதையில் விட்டுவிட்டுச் செடிக்குப் பிடியுங்கள்.

கறிவேப்பிலை இப்போதுதான் தளிர்த்திருக்கிறது. பறிக்கலாமா?

தாராளமாக. நுனியைக் கிள்ளினால்தான் கிளைக்கும். எனக்கும் ஒரு கொத்து.

எனக்கு எழுபது வயது, குனிய முடியாது. நான் வந்து என்ன பிரயோஜனம்? (லோதி காலனி)

சார், மேலே சொன்ன பூ வேலைக்கு ஆளே இல்லை. நின்றபடியே செய்யலாம். நாற்றங்காலுக்கும் ஒருவர் வேண்டும்: தில்லிக்கு மழை வழக்கமாக ஜூன் 27 வாக்கில் வரும். இப்போதே நிழல்வலைக்கு அடியில் கத்தரி, மிளகாய் விதைத்தால்தான் ஜூலையில் நட முடியும். தட்டு மண் காயாமல் பூவாளியால் தெளிக்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டத்துச் சாவி காவலாளியிடம் இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க.