லீவு கேட்கும் மெக்கானிக்கும் பேரிங் வராத காரும்

கேள்வி: கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் 14 வருடமாகக் கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். நான்கு மெக்கானிக், ஒரு ஹெல்பர். காலை 9 மணிக்குத் திறந்தால் பூட்ட இரவு 8:30 ஆகும். ஞாயிறு மதியம் 1 மணி வரை வேலை உண்டு. என்னிடம் ஸ்பானர் பிடிக்கக் கற்ற பெரிய பையன், "அண்ணே, வாரத்துல ரெண்டு நாள் லீவு வேணும், இல்லேன்னா ஓசூர் கம்பெனிக்குப் போறேன்" என்கிறான். மற்ற மூன்று பேரும் அவன் பக்கம். நான் தொழில் கற்ற காலத்தில் தீபாவளி, பொங்கலுக்குத்தான் லீவு. கடையைப் பூட்டினால் கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தாலும் நாளைக்குப் பத்தரை மணி நேரம், ஆறு நாளைக்கு 63. ஞாயிறு நாலு மணி நேரத்தையும் சேர்த்தால் 67. சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. அந்த ஓவர்டைமையும் சேர்த்து வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. பையன் புதுசாகச் சலுகை கேட்கிறான் என்று நினைக்கிறீர்கள். அவனோ வாரத்துக்கு 19 மணி நேரம் கூடுதலாகத் தந்துகொண்டிருக்கிறான். ஓசூரில் எட்டு மணி நேர ஷிப்ட், பிஎஃப், வாசலுக்கு வரும் கம்பெனி பஸ். அவன் இத்தனை நாள் உங்களிடம் இருந்ததே உங்கள் மேல் உள்ள மரியாதையால்தான்.

அதற்காக நாளைக்கே கடையை இரண்டு நாள் பூட்டச் சொல்ல மாட்டேன். 2022இல் பிரிட்டனில் 61 நிறுவனங்கள் சம்பளத்தைக் குறைக்காமல் ஆறு மாதம் வேலை நேரத்தைக் குறைத்துப் பார்த்தன. ஆபீஸ்களில் அதற்கு முதலில் வெட்டியது மீட்டிங்கை. நம் பட்டறையில் மீட்டிங் ஏது? நமக்கு வெட்ட வேண்டியது காத்திருப்பு.

ஒரு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து உங்கள் கடையையே வேடிக்கை பாருங்கள். காலை பத்து மணிக்கு ஒரு காரை ஜாக்கியில் ஏற்றி, வீலைக் கழற்றி, பேரிங் போய்விட்டது என்று பார்த்தாயிற்று. அந்த மாடல் பேரிங் ஊரில் இல்லை. பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைக்கு போன் போட்டு, பஸ்ஸில் பார்சல் போடச் சொல்லி, அது வந்து சேர சாயங்காலம் ஐந்து. நடுவில் கார் அந்தரத்தில் நிற்கும். மெக்கானிக் டீ குடிப்பான், போன் பார்ப்பான், இன்னொருவன் வேலையில் மூக்கை நுழைப்பான். ஐந்து மணிக்கு மேல்தான் அவனுக்கு வேலையே ஆரம்பம். பிறகு எட்டரைக்கு எப்படிக் கிளம்புவான்?

ஆக, லீவை இந்த இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். வண்டி விட வருகிறேன் என்று போன் வந்தாலே மாடல், வருஷம், எத்தனை கிலோமீட்டர், என்ன சத்தம் என்று கேட்டு எழுதுங்கள். கிளட்ச் வழுக்குகிறது என்றால் செட்டை முந்தின நாளே வரவழையுங்கள். கழற்றியதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாத்தட்டுமா?" என்று கேட்டு அரை மணியில் பதில் வாங்குங்கள். முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஓடும் நேரம் கொஞ்சநஞ்சமல்ல.

அப்புறம் முறை வைப்பது. உங்களுக்கு நாலு பேர்; திங்கள் முதல் வியாழன் வரை நாலு நாள். ஞாயிறு எல்லோருக்கும் லீவு. அதோடு ஆளுக்கு ஒரு வார நாள். அந்த நாலு நாளும் மூன்று பேர் இருப்பார்கள். வெள்ளி, சனி நாலு பேரும். பெங்களூரிலிருந்து தெற்கே போகிற வண்டிகள் நம் ஊரைத் தாண்டுவது அந்த நாட்களில்தானே. தினமும் இரண்டு பேர் 8 மணிக்கு வந்து 5 மணிக்குப் போகட்டும், மீதி ஆட்கள் 11க்கு வந்து 8க்குப் போகட்டும். கடை பன்னிரண்டு மணி நேரம் திறந்திருக்கும், ஆள் எட்டு மணி நேரம்தான். முதல் இரண்டு மாதம் அந்த வார நாள் லீவை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் கொடுத்துப் பாருங்கள். 67லிருந்து நேராக 40க்குக் குதித்தால் உங்களுக்கும் மூச்சு வாங்கும். சனிக்கிழமை கொடுக்கும் வாரக் கூலியில் மட்டும் கை வைக்காதீர்கள். லீவு நாளுக்குப் பணம் பிடித்தால் அவன் ஓசூருக்கே போவான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கியர் பாக்ஸை இறக்கியவன் மறுநாள் லீவு என்றால் மற்றவன் தொடப் பயப்படுவான்; எந்த போல்ட் எங்கே என்று அவனுக்குத்தானே தெரியும்? லீவுக்கு முந்தின நாள் மதியத்துக்கு மேல் பெரிய வேலை திறக்கக் கூடாது என்று வையுங்கள். திறந்தே ஆக வேண்டுமென்றால், அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் கியர் பாக்ஸ் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, எந்த இடத்து போல்ட்டோ அந்த இடத்திலேயே குத்தி வைக்கச் சொல்லுங்கள். யார் பார்த்தாலும் புரியும்.

என் சித்தப்பா தருமபுரியில் லாரி பட்டறை வைத்திருந்தார். தொப்பூர் கணவாய் இறங்கப் போகிற லாரிகள் பிரேக் பார்த்துக்கொண்டு போக நிற்கும். ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில் ஹெல்பர் ஒருவர் வீல் நட்டைப் பாதி முறுக்கி விட்டுவிட்டார். டிரைவர் பழக்கத்தில் டயரைத் தட்டிப் பார்த்ததால் தப்பித்தது. அன்றிலிருந்து விளக்கு வைத்த பிறகு பட்டறையில் யாரும் வீலைத் தொடக் கூடாது. லாரிக்காரர்கள் திட்டினார்கள், காலையில் வந்தார்கள்.

பக்கத்துக் கடைக்குப் போவார்களா? சிலர் போவார்கள். ஆயில் சர்வீஸுக்குப் போகிறவரை விடுங்கள். இன்ஜின் பிரிக்கிற வேலைக்கு உங்கள் பெரிய பையனைத் தேடித்தான் வருகிறார்கள். அவன் போனால் அவன் பின்னாலேயே போவார்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். சரி செய்து கொடுத்து மறுபடி அதே கோளாறோடு திரும்பி வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோடு. அதை எத்தனை மணிக்கு டெலிவரி கொடுத்தீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஆயுத பூஜை கூட்டமெல்லாம் முடிந்ததும், ராத்திரி ஏழு மணிக்கு மேல் கொடுத்த வண்டிகளில் எத்தனை கோடு விழுந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.