கறந்த பாலா, பதப்படுத்திய பால் பானமா: எது நல்லது?

பாக்கெட் பாலிலும் பாதாம் பால் போன்ற புட்டிப் பானங்களிலும் சத்து அழிந்துவிடுகிறது, கறந்த பாலே மேலானது என்பது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடிகள் சூடாக்கி உடனே குளிர்விப்பதே பாக்கெட் பாலைப் பதப்படுத்தும் பாஸ்டர்முறை. இதில் பி1, பி12, சி ஆகிய வைட்டமின்கள் ஓரளவு குறைகின்றனவே தவிர, கால்சியமும் புரதத்தின் ஊட்ட மதிப்பும் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. வைட்டமின் சி பாலில் முதலிலிருந்தே சொற்பம்தான். மாறாக, காய்ச்சாத பாலில் புருசெல்லா, லிஸ்டீரியா என்னும் நோய்க்கிருமிகளும் மாட்டுக் காசநோய்க் கிருமியும் இருக்கக்கூடும். நோயுற்ற மாடு பார்வைக்கு நலமாகவே தெரியலாம் என்பதால், தெரிந்தவர் வீட்டுப் பால் என்ற நம்பிக்கை இங்கே உதவாது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது. பால்காரரிடம் வாங்குவதையும் நாம் பொங்கக் காய்ச்சித்தானே குடிக்கிறோம். அந்தச் சூடு பாஸ்டர்முறையைவிட அதிகம்.

பாக்கெட் பாலில் ஆடை மெல்லியதாக இருப்பதற்குக் கலப்படத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை: சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதம் என்று அளவு நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது.

புட்டிப் பானங்களின் கதை வேறு. அவற்றில் குறை சூடாக்குவதால் வருவதன்று, சேர்க்கும் சர்க்கரையால் வருவது. அதன் அளவை உறையில் பார்த்து வாங்குங்கள்.