நல்ல செல்களே ரத்தப் புற்றுநோய்க்குத் துணை போகுமா?

"சுற்றியிருக்கும் ஆரோக்கியமான செல்களே புற்றணுக்களைப் பிழைக்க வைக்கின்றனவாமே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்து நாங்கள் நடுங்கிப்போன பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

அப்பாவுக்கு சி.எல்.எல். என்ற, வெள்ளையணுக்களில் வரும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். கழுத்தின் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்கு நெறி கட்டியிருந்தது. சட்டையின் மேல் பட்டனைப் போட முடியாது. இப்ருடினிப் ஆரம்பித்தார்கள், தினமும் மூன்று கேப்சூல். பத்தே நாளில் கட்டிகள் வற்றின. அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஆனால் அடுத்த ரிப்போர்ட்டில் வெள்ளையணு 62,000-லிருந்து 1,38,000 ஆகியிருந்தது. நோய் முற்றிவிட்டது என்றே நினைத்தோம்.

டாக்டர் பதறவில்லை. "கட்டிக்குள்ளே இருந்ததுதான் ரத்தத்துக்கு வந்திருக்கு" என்றார்.

இந்தப் புற்றணுக்களை வெளியே எடுத்து ஆய்வகத் தட்டில் தனியாக வைத்தால் சில நாளிலேயே தாமாகச் செத்துவிடும். உடம்புக்குள் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற அதே செல்கள்! எலும்பு மஜ்ஜையில் ரத்த செல்களைத் தாங்கி நிற்கும் ஸ்ட்ரோமல் செல்களைக் கூட வைத்தால் பிழைத்துக்கொள்கின்றன. அப்புறம், நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் மோனோசைட்டுகள் என்ற ஒருவகை வெள்ளையணுக்களும் தட்டில் பெரிய செல்களாக வளர்ந்து அவற்றைக் காப்பாற்றுகின்றன என்று 2000-இல் கண்டுபிடித்தார்கள். அவற்றுக்கு வைத்த பெயர் 'செவிலி போன்ற செல்கள்'. பெறாமல் வளர்ப்பவளைத்தானே நாம் செவிலித்தாய் என்கிறோம்? அப்படியே பொருந்துகிறது. சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதத்தைச் சுரந்து புற்றணுவைத் தம் பக்கம் இழுத்து, சாகாமலிருக்கத் தேவையான சமிக்ஞைகளையும் ஊட்டுகின்றன.

இதை துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரத்த செல்களை வளர்ப்பதுதான் மஜ்ஜையின் அன்றாட வேலை. வந்து ஒட்டியது நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். என்ற இன்னொரு ரத்தப் புற்றுநோயில், ரத்தத்திலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை அழித்துப் புற்றணுவைப் பட்டினி போட ஒரு மருந்து தருவார்கள். மஜ்ஜை செல்களோ அதே அஸ்பராஜினைத் தயாரித்துப் பக்கத்துப் புற்றணுவுக்குக் கொடுத்துவிடும் என்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள்.

இப்ருடினிப் பி.டி.கே. என்ற நொதியை அடைக்கிறது. புற்றணுவின் ஒட்டும் பிடி தளர்கிறது, ஊட்டும் சமிக்ஞையும் உள்ளே போய்ச் சேராது. நெறிக்கட்டியை விட்டு ரத்தத்தில் வந்து விழுந்தவை, அங்கே ஊட்ட ஆளில்லாமல் மெல்லச் சாகின்றன. அப்பாவுக்கு எண்ணிக்கை இறங்க எட்டு மாதம் ஆனது.

உங்கள் வீட்டிலும் யாராவது இந்த மருந்து எடுத்தால், எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் போங்கள். நாங்கள் அன்று ராத்திரி பயத்தில் கேப்சூல் கொடுக்காமல் விட்டுவிட்டோம். நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.