தொற்றுக் காலத்தில் எதை, எப்படிச் சொல்வது?

கேள்வி: தொற்று பரவுவதை சுகாதார அதிகாரிகளான நாங்கள் அரைகுறைத் தகவலோடு அறிவித்தால் மக்கள் பீதியடைவார்களே. ஆய்வக முடிவு வரும்வரை பொறுத்தால் என்ன?

பதில்: நீங்கள் பொறுத்தாலும் செய்தி பொறுக்காது, ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து நேராக வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். பிறகு நீங்கள் சரியானதையே சொன்னாலும், "இத்தனை நாள் மறைத்தார்கள்" என்றுதான் காதில் விழும். 2003இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்றை முதலில் மறைத்த சீனா பட்ட பாடு இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சீக்கிரம் அறிவிப்பது அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று.

முதல் அறிவிப்பில் நான்கு இருந்தால் போதும்: என்ன தெரியும், என்ன தெரியாது, தெரிந்துகொள்ள என்ன நடக்கிறது, அடுத்த தகவல் எப்போது. நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். "மாலை 5 மணிக்கு" என்று சொல்லிவிட்டால், புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் 5 மணிக்கு வந்து அதையாவது சொல்ல வேண்டும். "இது இன்றைய நிலவரம், மாறலாம்" என்பதையும் முதல் நாளே சொல்லிவையுங்கள். இல்லையேல் முதல் திருத்தத்திலேயே நம்பிக்கை போய்விடும். "பயப்படவே வேண்டாம்" மட்டும் வேண்டாம். சொன்ன மறுநாள் ஒரு மரணம் நேர்ந்தால் அந்த வாயிலிருந்து வரும் எதுவும் எடுபடாது.

கேள்வி: பயமுறுத்தினால்தானே கேட்கிறார்கள்?

பதில்: 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, "இது கொல்லும், மருந்து கிடையாது" என்ற தொனியில்தான் தொடக்ககாலப் பிரசாரம் இருந்தது. மருந்தே இல்லையென்றால் சிகிச்சை மையத்துக்கு எதற்குப் போக வேண்டும்? நோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், பார்த்தவர்களுக்கும் தொற்றியது. சீக்கிரம் வந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும், இன்ன எண்ணுக்கு அழையுங்கள், உதவி வரும்வரை நோயாளியின் வாந்தி, ரத்தத்தைத் தொடாதீர்கள் என்று சொன்னால் அந்தப் பயத்துக்கு ஒரு வேலை கிடைக்கிறது. வேலை கொடுக்காத எச்சரிக்கையால் பயன் இல்லை.

கேள்வி: மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் தடுப்பூசி போட்டவர்களாமே! அப்படியானால் ஊசி வீண்தானே?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,000 பேரில் 900 பேர் ஊசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள் என்று வையுங்கள். போடாதவர்களில் 10 பேரும், போட்டவர்களில் 18 பேரும் சேர்க்கப்படுகிறார்கள். மொத்தம் 28 பேரில் 18 பேர் ஊசி போட்டவர்கள், செய்தி பொய்யில்லை. ஆனால் போடாதவர்களில் 100க்கு 10, போட்டவர்களில் 100க்கு 2. ஆபத்து ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. "எத்தனை பேரில்" என்பது இல்லாத எண்ணை வெளியிடவே கூடாது.

"இருமடங்கு" என்ற சொல்லும் இதே வில்லங்கம். 1995இல் பிரிட்டனில், சில கருத்தடை மாத்திரைகளால் ரத்தக்கட்டு ஆபத்து இருமடங்காகும் என்று எச்சரித்தார்கள். உண்மையில் அது ஏறத்தாழ 7,000 பெண்களில் 1 என்பது 2 ஆனது. பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் கூடின. ஒப்பிடும்போது அடி எண்ணையும், அதாவது "எத்தனை பேரில்" என்பதையும், மாற்றாதீர்கள்: 10க்கு 1, 200க்கு 1 என்று அடுத்தடுத்துப் போட்டால், 200ஐப் பார்த்து அதுதான் பெரிய ஆபத்து என்று நினைப்பவர்கள் உண்டு.

கேள்வி: வதந்தியை மறுக்கும்போது அதைத் தலைப்பில் போடலாமா?

பதில்: வேண்டாம். பலர் தலைப்போடு நின்றுவிடுவார்கள். உண்மையை முதலில் சொல்லுங்கள், வதந்தியை ஒரே ஒரு முறை குறிப்பிட்டு அது ஏன் தவறு என்று விளக்குங்கள், உண்மையை மறுபடி சொல்லி முடியுங்கள். நாலு பேர் மட்டும் பேசிக்கொள்ளும் வதந்தி என்றால் மறுக்கவே வேண்டாம். மறுப்பே அதை ஊரெங்கும் கொண்டுபோய்விடும்.